ஆசிரியரை உருவாக்கும் பண்பாடு: ‘என் சரித்திரம்’ தரும் படிப்பினை

உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ ஏடு தேடிய வரலாறாகவே பெரிதும் போற்றப்படுகிறது. ஒரு கல்லூரி ஆசிரியர் எவ்வாறு உருவாகிறார் என்பதற்கான சான்றாகவும் அதனை வாசிக்க வேண்டும் என்பது எமது கருத்து. திட்டக்குடிப் பகுதியினராகிய நமக்கு அந்நூலோடு வட்டார உறவும் உண்டு. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர் ஐயர். அக்கல்லூரியையும் உள்ளடக்கியே 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

1880இல் நிகழ்ந்த இரண்டு செய்திகள் நம் ஆய்வுக்கு உரியவை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார், தாம் ஓய்வு பெறுகையில் அவ்விடத்துக்கு ஐயரைப் பரிந்துரைத்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். இளையவரின் உயர்வைத் தம் பொறுப்பாகக் கருதிய மூத்தவரை இங்கே காண்கிறோம். அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த ஐயர், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிச் சொன்னார். முதலியாரோ சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார். ஐயர் அதனைக் குருநிந்தையாகக் கொள்ளவில்லை. தெரியாததைத் தெரியாதெனக் கண்டு, சமண நண்பர்களை நாடிப் பொருள் தெளிந்தார். 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். பின்னாளில் தம் ஆசிரியரின் வரலாற்றையும் இரு பாகங்களாக எழுதினார். புதிய கல்வி பழைய விசுவாசத்தைக் குறைத்துவிடவில்லை.

இன்றைய உயர்கல்வியில் இவ்விரண்டுமே அரிதாகிவிட்டன. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 1987இல் கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கியது. அவை 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்களாயின; 2023 முதல் மாளவியா பெயரிலான பயிற்சி மையங்களாக இயங்குகின்றன. பெயர்கள் மாறின, ஆனால் புத்தொளிப் பயிற்சியைப் பதவி உயர்வுக்கான சான்றிதழாக மட்டும் நோக்கும் மனப்பான்மை மாறவில்லை. சில வாரப் பயிற்சி முடிந்து திரும்பும் இளைஞரின் வகுப்பில் ஒருநாளேனும் அமர்ந்து கேட்க மூத்தவர் எவரும் இலர். மூத்தவரின் கருத்தை மறுத்துரைக்கவும் அவருக்குத் துணிவில்லை.

அரபுக் கல்லூரிகளைச் சேர்ந்த நாமும் விதிவிலக்கல்லர். பணியேற்ற தொடக்கத்தில், ஒரு பாடத்தின் விளக்கவுரை பற்றி மூத்த உஸ்தாத் ஒருவரிடம் நாம் ஐயம் எழுப்பினோம். அது அதபுக் குறைவாகக் கொள்ளப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, இளைய ஆசிரியர் ஒருவர் எம்மிடம் அவ்வாறே வினவியபோது, எமது முகமும் சுருங்கியதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

ஆயினும் நமது மரபு இதற்கு நேர்மாறானது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப் (ரஹ்), முஹம்மது (ரஹ்) ஆகிய இருவரும் எத்தனையோ சட்டங்களில் தம் ஆசிரியருடன் கருத்து வேறுபட்டனர். அவ்வேறுபாடுகளை ஹனஃபி நூல்கள் மறைக்கவில்லை. ஆசிரியரின் கருத்துக்கு அருகிலேயே பதிந்து வைத்துள்ளன. ஆசிரியருக்குரிய மரியாதையை விரிவாகப் பேசும் இமாம் ஸர்னூஜியின் ‘தஅலீமுல் முதஅல்லிம்’ என்னும் நூலும், வெறும் மனனத்தைவிட அறிவார்ந்த கலந்தாய்வையே உயர்த்திப் பேசுகிறது. அதபு என்பது வாய்மூடல் அன்று. வினவும் முறைமை அது.

‘என் சரித்திரம்’ காட்டும் முறையிலும் குறை உண்டு. ஒருவரின் அன்பும் பரிந்துரையுமே வாயிலாக அமையும்போது, அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கும் தகுதியாளருக்குக் கதவு திறப்பதில்லை. ஆதலால் நியமனத்துக்குப் பொது விதி தேவை; நியமனத்துக்குப் பின்னர் தனி உறவு தேவை. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, மூத்த, ஓய்வு பெற்ற பேராசிரியர்களைக் கொண்டு வழிகாட்டும் இயக்கம் ஒன்றை முன்மொழிகிறது. அது பயன் தர வேண்டுமாயின், ஒவ்வோர் இளைய ஆசிரியருக்கும் தம் துறையில் ஒருவரும் வேறொரு நிறுவனத்தில் ஒருவருமாக இரு வழிகாட்டிகள் வேண்டும். முன்னவர் தோள் கொடுக்கட்டும். பின்னவர் கேள்வி கேட்கட்டும். அவர்களின் மதிப்புரை பதவி உயர்வுக் கணக்கில் சேராதிருக்கட்டும்.

நமது மதரஸாக்களில் இதற்கு அரசாணை தேவையில்லை. வாரம் ஒரு முதாகரா அமர்வும், இளையவரின் கேள்விக்குச் சுருங்காத ஒரு முகமும் போதும்.