நினைவிருக்கிறவன் ஜெயிக்கிறான்: காலப் பயணிகளின் பகையைக் காதால் கேட்டபோது

ஓசூரிலிருந்து பொம்மசந்திரா போய்ச் சேர காலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகிவிடும். அத்திப்பள்ளி டோல்கேட்டில் வண்டி நின்னுட்டா கணக்கே கிடையாது. அந்த நேரத்தைத் தள்ளத்தான் ஒலி நாடகம் கேட்கப் பழகினேன். போன வாரம் இரண்டாவது முறையாகக் கேட்டு முடித்தது 'தி லைட் அட் தி எண்ட்'. 'டாக்டர் ஹூ' தொடரின் 50-ஆம் ஆண்டுக்காக, பிரிட்டனின் பிக் ஃபினிஷ் நிறுவனம் 2013-ல் வெளியிட்ட நாடகம்.

தொடர் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டாக்டர் ஒரு காலப் பயணி. மாஸ்டர் அவருடைய பழைய எதிரி. இரண்டு பேரும் ஒரே இனம், இரண்டு பேரிடமும் காலத்தில் ஓடும் வண்டி இருக்கிறது. டாக்டர் சாகும் நிலைக்கு வந்தால் வேறு உடலாக, வேறு முகமாக மாறிவிடுவார். அதனால் அறுபது வருஷமாக நடிகர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். தொடர் முதன்முதலில் ஒளிபரப்பான நாள் 1963 நவம்பர் 23. இந்த நாடகத்தில் மாஸ்டர் பொறி வைப்பதும் அதே தேதியில்தான்.

மாஸ்டராகப் பேசுவது ஜெஃப்ரி பீவர்ஸ். 1981-ல் தொலைக்காட்சியிலும் இதே வேஷம் போட்டவர், ஆனால் அங்கே கருகிப்போன முகத்துக்கான ஒப்பனைக்குள் ஒளிந்திருந்தார். ஒலியில் அந்த ஒப்பனை கிடையாது. கத்தாமல், அவசரப்படாமல், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். நமக்கு நடக்கப்போவது அந்தக் குரலுக்கு முன்னாடியே தெரியும். பஸ்ஸில் கேட்கும்போது நிஜமாவே முதுகு சில்லிட்டது.

குறையும் சொல்லணும். ஐந்து டாக்டர்கள் ஒரே நாடகத்தில். டி.வி.யில் பார்த்து வளராத என்னைப் போன்றவனுக்குப் பாதி நேரம் யார் பேசுவது என்றே பிடிபடவில்லை. விழாவுக்குக் கூட்டம் சேர்த்த மாதிரிதான் இருக்கு. மனசில் நின்றவர் வேறொருவர்: பாப் டோவி. இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் வீடும் குடும்பமுமாக இருக்கிற சாதாரண மனிதர். இரண்டு காலப் பயணிகளின் பகையில் அவருடைய வீடு ஆடுகளமாகிவிடுகிறது. அவருக்கு மட்டும் எதுவுமே புரிவதில்லை.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இரண்டு காலப் பயணிகள் மோதினால் அங்கே துப்பாக்கிக்கு வேலை குறைவு. அழிக்கப்பட்ட நேரம் யாருக்கு நினைவிருக்கிறதோ அவன் கை ஓங்குகிறது. ஆக, இந்த மாதிரிக் கதைகளில் எப்போதும் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார்: நினைவில்லாதவர். கதை அவரை எப்படி நடத்துகிறது என்பதுதான் என் அளவுகோல்.

இதைத் தமிழில் சோதித்துப் பார்க்க நம்மிடம் ஒரு பழைய வழி இருக்கிறது, ஒலிச்சித்திரம். சினிமாவின் சத்தத்தை மட்டும் வெட்டி ஒட்டி வானொலியில் போடுவார்கள். என் அப்பா பல படங்களை அப்படித்தான் 'பார்த்தார்'. பிறகு தியேட்டரில் பார்த்துவிட்டு, "காதுல பார்த்த படம் வேறடா" என்பார். அதே மாதிரி மூன்று படங்களை, தெரிந்த கதைதானே என்று, திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன்.

முதலில் விக்ரம் குமாரின் '24' (2016). டைட்டன் தன் முதல் கைக்கடிகாரத் தொழிற்சாலையை வைத்த ஊரில் இருந்துகொண்டு, வாட்ச் மெக்கானிக் ஹீரோவை விட முடியுமா? விஞ்ஞானி சேதுராமன், அவருடைய இரட்டைச் சகோதரன் ஆத்ரேயா, சேதுராமனின் மகன் மணி என்று மூன்று வேஷமும் சூர்யாதான். காலத்தைத் திருப்பும் வாட்ச் மணியிடம் இருக்கிறது. ஆத்ரேயா அவனைக் கொன்று அதை எடுக்கிறான். 24 மணி நேரத்துக்கு மேல் பின்னால் போகாது என்று தெரிந்ததும், முந்தைய நாளுக்குத் திரும்பி, அப்பா வேஷம் போட்டு மணியை ஏமாற்றுகிறான். மணிக்குத் தான் செத்ததே நினைவில்லை. அருமையான முடிச்சு.

ஆனா காதால் கேட்டபோது வேறொன்று உறுத்தியது. முதல் பாதியில் சத்யாவின் மனதைப் பிடிக்க மணி செய்வதும் இதேதான். நேரத்தைத் திருப்புகிறான், தனக்குத் தெரிந்ததை வைத்து அசத்துகிறான், அவளுக்கு எதுவும் நினைவில்லை. திரையில் சமந்தாவின் முகமும் பாட்டும் சேர்ந்து அதைக் குறும்பாக்கிவிடுகின்றன. வெறும் குரலாகக் கேட்டால், ஒருத்திக்குத் தெரியாமல் அவள் நாளோடு விளையாடுகிற ஒருவன்தான் மிச்சம். மணி சத்யாவுக்குச் செய்ததை ஆத்ரேயா மணிக்குச் செய்கிறான். படம் ஒன்றைக் காதல் என்கிறது, இன்னொன்றைத் துரோகம் என்கிறது. இரண்டும் ஒரே வேலை என்று அதற்குத் தோன்றவே இல்லை.

அடுத்தது 'மார்க் ஆண்டனி' (2023). கடந்த காலத்துக்குப் பேச முடிகிற தொலைபேசி! ஒலி நாடகத்துக்கென்றே பிறந்த யோசனை. ஒரு முனையில் ஒரு காலம், மறு முனையில் இன்னொரு காலம், நடுவில் குரல் மட்டும். எஸ்.ஜே. சூர்யா அப்பாவும் மகனுமாகக் காலம் தாண்டிப் பேசும் இடங்கள் கேட்கவே கொண்டாட்டம். ஆனால் அந்த நூல் இழையைச் சுற்றி அவ்வளவு இரைச்சல். ஒவ்வொரு அழைப்புக்கும் பிறகு யாரோ ஒருவருடைய வாழ்க்கை அடியோடு மாறுகிறது. அந்த யாரோ பற்றி யோசிக்க ஒரு நொடி மௌனம்கூடப் படம் தருவதில்லை.

மூன்றாவது வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021). காலிக் செத்தால் அதே நாள் மறுபடி ஆரம்பிக்கும். அவனுக்கு மட்டும்தான் நினைவிருக்கும். அவனுடைய ரத்தம் ஏற்றப்பட்ட பிறகு, போலீஸ் அதிகாரி தனுஷ்கோடிக்கும் நினைவு தங்க ஆரம்பிக்கிறது. அதுவரைக்கும் அவன் இன்னொரு வில்லன், அதற்குப் பிறகுதான் எதிரி. அவன் சலித்துப்போய் "ரிப்பீட்டு" என்று இழுக்கும்போது, அழிந்துபோன நாட்கள் எல்லாம் அந்த ஒரே சொல்லில் கேட்கின்றன. ஒரே வசனம் திரும்பத் திரும்ப வரும்போது, சொல்பவரின் தொனி மாறியிருக்கிறதா என்று காது தானாகவே கவனிக்கிறது. யார் தொனி மாறுகிறதோ அவருக்கு நினைவிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள படமே தேவையில்லை.

முக்கியமா, 'மாநாடு' மூன்றாவது ஆளை மறப்பதில்லை. முதலமைச்சரைக் கொன்று பழியை ஒரு முஸ்லிம் இளைஞன் தலையில் போட்டால் கலவரம் வெடிக்கும், அதுதான் சதி. அந்த நாளின் எத்தனையோ பிரதிகளில் எரிந்தவர்களுக்கு, தாங்கள் எரிந்ததே தெரியாது. காலிக்குக்குத் தெரியும். நினைவை அவன் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறான், தனுஷ்கோடி அதையே ஆயுதமாக எடுக்கிறான். பகை அங்கே ஒரு அர்த்தத்தோடு நிற்கிறது. இந்த அளவுகோலில் பிக் ஃபினிஷின் விழா நாடகத்தைவிட 'மாநாடு' ஒரு படி மேலே என்பேன்.

பீவர்ஸ் மாதிரி ஒரு குரல் நம்மிடம் இல்லாமல் இல்லை. எஸ்.ஜே. சூர்யா இரண்டு படங்களில் அதை நிரூபித்துவிட்டார். ஒலிச்சித்திரம் கேட்டுப் பழகிய காதும் நமக்கு இருக்கு. இரண்டு காலப் பயணிகளையும், எதுவுமே நினைவில்லாத ஒரு மூன்றாம் ஆளையும் வைத்துத் தமிழில் ஒரு ஒலி நாடகம் வந்தால் நான் முதல் ஆளாகக் கேட்பேன். எழுதுகிறவருக்கு ஒரே ஒரு யோசனை: கதையை அந்த மூன்றாம் ஆளின் காதிலிருந்து ஆரம்பியுங்கள். டோல்கேட்டில் எவ்வளவு நேரம் நின்றாலும் பரவாயில்லை, கேட்டு முடித்துவிட்டுத்தான் இறங்குவேன்.