ஏ2 என்று எழுதினால் போதுமா?

முன்பல்லுக்குப் பீங்கான் கேப் போட்டுக்கொண்டவர்கள் சிலர் சிரிக்கும்போது கை தானாக வாயை மூடும். கேப் உறுதியாகத்தான் இருக்கும்; நிறம் பக்கத்துப் பல்லோடு சேராது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இதற்கு மருத்துவர் பஞ்சத்தைக் காரணம் சொல்ல முடியாது. செங்கல்பட்டை அடுத்து ஆசான் மெமோரியல், மேல்மருவத்தூரில் ஆதிபராசக்தி, கேளம்பாக்கத்தில் செட்டிநாடு, காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். என்று பல் மருத்துவக் கல்லூரிகள் நெருங்கியிருக்கும் மாவட்டம் இது. குறை, நிறம் பார்க்கும் வழக்கத்தில் இருக்கிறது.

ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956இல் கொண்டுவந்த ஷேடு கைடுதான் இன்றும் பெரும்பாலான கிளினிக்குகளின் அளவுகோல். ஏ, பி, சி, டி என நான்கு குடும்பங்களில் 16 மாதிரிப் பற்கள். இதன் பெருமையைக் குறைக்க மாட்டேன். மின்சாரம் வேண்டாம், கைக்குள் அடங்கும். மாமல்லபுரத்தில் 'ஏ2' என்று எழுதினால் கேப் செய்யும் எந்த ஊர் லேபிலும் புரியும்.

ஆனால் இயற்கைப் பல்லுக்கு ஒரே நிறம் கிடையாது. ஈறோரம் மஞ்சள் கூடும், நுனியில் ஒளி ஊடுருவும், கோரைப்பல் முன்பல்லைவிட அடர்ந்திருக்கும். இத்தனையையும் ஓர் எழுத்து, ஓர் எண்ணுக்குள் அடைப்பதுதான் முதல் பிழை. அதே நிறுவனம் 1998இல் வெளியிட்ட 3டி மாஸ்டர் கைடு, வெளிர்மையை முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. வெளிர்மை பிசகினால்தான் கண்ணுக்கு உடனே உறுத்தும் என்பதால், அதுவே சரியான முறை.

வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும். புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குகிற நாம், பல்லின் நிறத்தை மட்டும் டியூப்லைட்டின் கீழ் முடிவு செய்ய விட்டுவிடுகிறோம். ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்து தெரியலாம். நேரமும் முக்கியம். வாய் திறந்தே இருந்தால் பல் உலர்ந்து, உள்ளதைவிட வெள்ளையாகத் தெரியும். பல்லைச் சீவி முடித்த பிறகு பார்க்கும் ஷேடு அதனாலேயே தவறிப்போகிறது.

கேப்பின் பொருளும் நிறத்தை மாற்றும். உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய கேப்பில் ஈறோரம் கருங்கோடு தெரிவதுண்டு. லித்தியம் டைசிலிகேட் என்ற பீங்கான் வகை ஒளியை உள்ளே விடும். அந்த அழகே, ரூட் கனால் செய்து கறுத்த பல்லின் மேல் வைத்தால் பாதகமாகிறது. சீவிய பல்லின் நிறத்தையும் லேபுக்கு எழுதி அனுப்பினால்தான் அதற்கேற்ற பீங்கானை டெக்னீஷியன் தேர்ந்தெடுக்க முடியும்.

கண்ணை நம்பாமல் நிறத்தைக் கருவியால் அளக்கலாமே என்று கேட்கலாம். அந்தக் கருவியான நிறமானி களைப்படையாது, நிறக்குருடு அதற்கில்லை. எனினும் பல்லின் வளைவும் நுனியின் ஊடுருவலும் அதையும் ஏமாற்றும். அது தரும் எண்ணைப் பீங்கானில் கொண்டுவரும் கை டெக்னீஷியனுடையது. அவர் பெரும்பாலும் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. என் தீர்ப்பில் இதுவே மிகப் பெரிய ஓட்டை. முன்பல் என்றால் அவரை நேரில் வரவழைக்க வேண்டும். அது முடியாத இடத்தில், ஷேடு மாதிரியைப் பல்லருகே பிடித்து எடுத்த படமாவது லேபுக்குப் போக வேண்டும்.

நீங்களும் கேளுங்கள்: சீவுவதற்கு முன்பே ஷேடு பாருங்கள் என்று சொல்லுங்கள், ஒட்டுவதற்கு முன் கண்ணாடியோடு ஜன்னலோரம் போய்ப் பாருங்கள். சிமெண்ட் இறுகிவிட்டால், நிறம் பிடிக்காத கேப்பை அறுத்தெடுத்துப் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருக்கும்.