ஜூம் காமிராவும் புள்ளிக் கணக்கும்

பிரயாணத்துக்குக் கையடக்கமான காமிரா ஒன்று வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்க வருகிற நண்பர்கள், கேட்கும்போதே இரண்டு எண்களையும் சொல்லிவிடுகிறார்கள். இதில் 20 மெகாபிக்ஸல், அதில் 18. இது 40 மடங்கு ஜூம், அது 30 மடங்கு. பெரிய எண் எதுவோ அதுவே நல்ல காமிரா என்பது அவர்கள் அபிப்பிராயம். ஒரு நாவல் 900 பக்கம், மற்றொன்று 200 பக்கம், ஆகையால் முதல் நாவலே சிறந்தது என்று யாராவது சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா? காமிரா விஷயத்தில் மட்டும் அதே தீர்ப்பைத் தலையாட்டி ஏற்றுக்கொள்கிறோம்.

இந்தப் புள்ளிக் கணக்கின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள, ஒரே குடும்பத்துக் காமிராக்களைப் பார்ப்பது நல்லது. ஜப்பானின் பானஸோனிக் கம்பெனி டி. இஸட். என்ற வரிசையில் பிரயாணக் காமிராக்களை வெளியிட்டு வந்திருக்கிறது. 2014இல் வந்தது டி. இஸட். 60. அதன் லென்ஸ் 24 மில்லிமீட்டர் அகலப் பார்வையிலிருந்து 720 மில்லிமீட்டர் தூரப் பார்வை வரை, அதாவது 30 மடங்கு நீளும். புள்ளிகள் 1 கோடியே 80 லட்சம். அடுத்த ஆண்டு டி. இஸட். 70 வந்தது. லென்ஸின் எட்டும் தூரம் அதேதான். சென்ஸாரின் அளவும் அதேதான். புள்ளிகளை மட்டும் 1 கோடியே 20 லட்சமாகக் குறைத்திருந்தார்கள். புள்ளி குறைந்தால் ஒவ்வொரு புள்ளியும் சற்றுப் பெரிதாகும், மங்கிய வெளிச்சத்தில் படம் தெளியும் என்பது எண்ணம். போட்டிக் கடை வீதியில் துணிச்சலான காரியம் இது. ஆனால் 2016இல் வந்த டி. இஸட். 80 பழையபடி 18க்குத் திரும்பிவிட்டது. 2017இல் டி. இஸட். 90 வந்தபோது கணக்கு 20 ஆயிற்று. 2025இல் வந்த டி. இஸட். 99லும் 20தான்; லென்ஸும் அதே 24 முதல் 720 வரை.

குறைத்தது சரியா, கூட்டியது சரியா? இதைத் தீர்மானிக்க ருசி வேண்டாம். கொஞ்சம் பௌதிகம் போதும். இந்தக் காமிராக்களின் சென்ஸார் ஏறக்குறைய 6.2 மில்லிமீட்டர் நீளம், 4.6 மில்லிமீட்டர் அகலம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதில் 2 கோடிப் புள்ளிகளை நெருக்கி வைத்தால் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 1.2 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் அதில் ஒன்றேகால் கூறுகூட இல்லை. லென்ஸை 720க்கு நீட்டும்போது அதன் துவாரம் எஃப் 6.4 ஆகிறது. அத்தனை சிறிய துவாரத்தின் வழியே வருகிற ஒளி, ஊசிமுனையாக விழாமல் சற்றே பரவித்தான் விழும். லென்ஸை எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. அந்தப் பரவலின் விட்டம் சுமார் 8.5 மைக்ரான். ஒரு நட்சத்திரத்தின் ஒளி ஏழு புள்ளிகளின் அகலத்துக்குக் கசிந்து நிற்கிறது என்று அர்த்தம். இந்த நிலையில் 12ஐ 20 ஆக்கினால் படத்தில் கூடுகிற விவரம் மிகச் சொற்பம். கூடுவது ஃபைலின் கனம்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. லென்ஸ் சுருங்கி இருக்கும்போது துவாரம் எஃப் 3.3. முழுவதும் நீட்டினால் சென்ஸாரில் விழும் வெளிச்சம் சுமார் நாலில் ஒரு பங்குதான். குறைந்த வெளிச்சத்தைக் காமிரா மின்சாரத்தால் பெருக்கிக் காட்டுகிறது. அப்போது படத்தின் மேல் மணல் தூவினாற்போல் புள்ளிகள் தோன்றுகின்றன. அவற்றைத் துடைப்பதற்கும் காமிராவுக்குள்ளேயே ஒரு யந்திர மூளை இருக்கிறது. மணல் எது, தலைமயிர் எது என்று அந்த மூளைக்கு எப்போதும் பிரித்தறியத் தெரிவதில்லை. இலைகள் ஈரம் பட்ட சித்திரம்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பாட்டியின் முகத்துச் சுருக்கங்கள் மறைந்து, முகம் மெழுகுப் பொம்மையாகிறது. நல்ல வெயிலில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. மாலை மங்கினால், கோயில் பிராகாரத்துக்குள் நுழைந்தால், தெரிந்துவிடும்.

அப்படியானால் பெரிய சென்ஸார் உள்ளதை வாங்கலாமே? வாங்கலாம். 2018இல் வந்த டி. இஸட். 200ல் '1 அங்குல' சென்ஸார் இருந்தது. பெயர்தான் அங்குலம், உண்மையில் நீளம் 13.2 மில்லிமீட்டர், அகலம் 8.8. பழைய டெலிவிஷன் காமிராக் குழாயின் வெளிவிட்டக் கணக்கில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆனாலும் பரப்பில் சின்ன சென்ஸாரைப்போல் நாலு மடங்கு. முகம் முகமாகவே நிற்கிறது. இதற்குக் கொடுக்கிற விலை தூரம்: 360 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். பையில் அடங்கும் பெட்டி, பெரிய சென்ஸார், 30 மடங்கு ஜூம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் கேட்கலாம்.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. இன்றைய கைப்பேசிகள் பலவற்றின் பிரதான சென்ஸார், சின்ன ஜூம் காமிராவின் சென்ஸாரைவிடப் பெரியது. கிட்டத்துக் காட்சிக்கும் விளக்கொளிக்கும் கைப்பேசியே போதும். ஜூம் காமிராவின் ஒரே நியாயம் தூரம். ஆகவே அதைத் தூரத்தில்தான் பரீட்சை செய்ய வேண்டும். விமரிசனம் எழுதுகிறவர்களில் சிலர் அகலப் பார்வையில், வெயிலில், பூந்தொட்டியைப் படமெடுத்து, 'ஆகா, தெளிவு!' என்று எழுதிவிடுகிறார்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் படித்து நாவலுக்கு மதிப்புரை எழுதுவது போன்றது இது.

வாசகர்கள் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். லென்ஸை முழுக்க நீட்டி, கடையின் அந்தக் கோடியில் நிற்பவரைப் படம் எடுங்கள். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் புருவத்தைப் பாருங்கள். மயிர் மயிராகத் தெரிகிறதா, மை தீட்டினாற்போல் இருக்கிறதா? பிறகு லென்ஸைச் சுருக்கி, ஓர் அலமாரியை எடுத்து, நாலு மூலைகளிலும் உள்ள எழுத்துக்களைப் படித்துப் பாருங்கள். இந்த இரண்டு படங்கள் சொல்வதை எந்த விளம்பரமும் சொல்லாது. எத்தனை புள்ளி என்று கேட்கவே வேண்டாம். தபால் அட்டை அளவுப் படத்துக்கு 22 லட்சம் புள்ளி போதும். பெரிய 4கே டெலிவிஷன் திரையில்கூட இருப்பவை 83 லட்சமே.

என் தீர்ப்பு இதுதான். பகல் வெளிச்சத்தில் பறவையையும் கோபுர உச்சியையும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சின்ன சென்ஸார் காமிரா தாராளமாகப் போதும்; பழைய 12 மெகாபிக்ஸல் டி. இஸட். 70 நல்ல நிலையில் கிடைத்தால், எண்ணைப் பார்த்துத் தள்ளிவிட வேண்டாம். மனிதர்களை, மாலையை, உள்ளறைகளைப் படமெடுக்கிறவர்கள் தூரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பெரிய சென்ஸாரைத் தேடட்டும். காசிக்கு அம்மாவை மறுபடி அழைத்துப் போக எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. கங்கைக்கரையில் அந்தி நேரத்தில் எடுத்த அவள் முகம் மெழுகாகிவிட்டால், 2 கோடிப் புள்ளிகளும் சேர்ந்து அதைத் திருப்பித் தந்துவிட முடியாது.