கைநாட்டு முகம்

தன் முகத்தை வரையச் சொன்னால், பல குழந்தைகள் ஒரு வட்டம் போட்டுக் கண்ணை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். பென்சிலை வாங்கிவைத்துவிட்டு ஸ்டாம்ப் பேடை நீட்டிப் பாருங்கள். அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் 1985-இல் தன் மனைவியின் பாட்டியை விரல்ரேகைகளாலேயே பிரம்மாண்டமாகத் தீட்டினார். குளோஸுக்கோ முகங்களை அடையாளம் காண்பதே சிரமம்!

பிள்ளைகள் தங்கள் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் தாளில் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் ஒற்ற வேண்டும். மை தொட்டதும் விழும் முதல் ஒற்று தலைமுடிக்கு. மை தீரத்தீர வெளிறிவரும் மூன்றாவது, நான்காவது ஒற்று கன்னத்துக்கு. மூக்குக்குக் கோடே கிடையாது, பக்கத்து நிழல்தான் மூக்கு என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கும் கட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சட்டையெல்லாம் மையாகும். வீட்டில் திட்டுவார்கள், திட்டட்டும்.