ஏல விலையைத் தாண்டி ஓர் அணியைப் பார்ப்பது

ஐ.பி.எல். ஏலம் முடிந்த கையோடு மட்டக்களப்பிலும் விலைப் பேச்சுத்தான். யார் எத்தனை கோடிக்குப் போனார் என்பதை வைத்து எது பலமான அணி என்று அன்றைக்கே தீர்மானித்துவிடுகிறோம். அந்தத் தீர்மானத்தோடு ஆட்டம் பார்க்க உட்காருபவருக்கு, ஓர் அணி அணியாக உருவாகும் அழகு கண்ணில் படுவதே இல்லை. 2008இல் மிகக் குறைந்த செலவில் கட்டப்பட்ட ராஜஸ்தான் ரோயல்ஸ்தான் ஷேன் வோர்ன் தலைமையில் முதல் கிண்ணத்தை வென்றது. மறு ஆண்டு சென்னை 15.5 இலட்சம் டொலர் கொடுத்து எடுத்த பிளின்டோஃப் மூன்றே ஆட்டங்களில் காயத்தோடு விலகினார். அதே சென்னைக்கு 2022இல், காயமடைந்த அடம் மில்னுக்குப் பதிலாக 20 இலட்சம் ரூபாய்க்கு வந்தவர் நமது மதீஷ பத்திரன. அடுத்த பருவத்தில் 19 விக்கெட்டுகள், அணிக்குக் கிண்ணம். அவரைத் தொடக்க ஓவர்களில் செலவழிக்காமல் கடைசி ஓவர்களுக்கென்றே அணித் தலைவர் தோனி வைத்திருந்தார். பத்திரனவின் பந்தை ரசிக்க வேண்டுமென்றால், அது எந்த ஓவரில் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

விலை வீண் என்று நான் வாதாடவில்லை. 2008 ஏலத்தில் ஆகக் கூடிய விலை போனவரே தோனிதான். 2024இல் கொல்கத்தா 24.75 கோடிக்கு வாங்கிய ஸ்டார்க் இறுதிப் போட்டியின் ஆட்டநாயகன் ஆனார். ஆனால் அந்தப் பருவம் முழுவதும் கொல்கத்தாவைத் தாங்கியவர் 2012 முதல் அங்கேயே இருக்கும் நரைன். ஆட்கள் நீடித்திருந்தால் போதும் என்பதற்கும் வலுவான மறுப்பு உண்டு: தோனி, ஜடேஜா, 13 கோடியில் பத்திரன என்று ஐவரைத் தக்கவைத்த சென்னை, 2025இல் கடைசி இடத்துக்குப் போனது. பெயர்கள் தங்கினால் போதாது, அவர்களைச் சுற்றியிருந்த ஏற்பாடும் தங்க வேண்டும். அந்த ஆண்டு பெரும்பாலான இடங்களில் புதியவர்கள். தலைவர் ருதுராஜும் பாதியில் காயப்பட்டார்.

இந்தப் பார்வையைப் பழக்கிக்கொள்ளத் தொலைக்காட்சியைவிட நல்ல இடம் நம் ஊர்க் கூடைப்பந்தாட்டத் திடல். இங்கே அப்படி அணி கட்டியவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த அருட்தந்தை இயூஜின் ஹேபர்ட் 1948இல் இலங்கைக்கு வந்தார். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்தார். 1990 ஓகஸ்ட் 15இல் கிழக்கிலேயே அவர் காணாமல் ஆக்கப்பட்டார். பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஐந்து நட்சத்திரம்வரை போட்டுத் தரம் பிரித்துப் பல்கலைக்கழக அணிகளுக்கு இழுக்கும் நாடு இன்றைய அமெரிக்கா. அங்கிருந்து வந்தவர் இங்கே கையிலிருந்த பிள்ளைகளோடுதான் வேலை செய்தார். அந்த ஆண்டுகளின் பெறுமதியை எந்தத் தரவரிசையும் அளக்காது.

இங்கேயும் திறமையான பிள்ளையைக் கொழும்புப் பாடசாலை அழைத்தால் போகாதே என்று மறிப்பது நியாயமல்ல. அது அந்தப் பிள்ளையின் எதிர்காலம். ஆனால் எஞ்சியிருக்கும் அணியைக் குறைவாக எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. அடுத்த பாடசாலைப் போட்டியில் பந்து வைத்திருப்பவரை விட்டுவிட்டு மற்ற நால்வரைப் பாருங்கள். ஒருவர் உள்ளே வெட்டி ஓடும்போது, கூப்பிடாமலே இன்னொருவர் விலகி வழி விடுகிறாரா? தவறிய எறிகைக்குப் பின் யார் முதலில் திரும்பி ஓடுகிறார்? பதினேழு வயதுப் பிரிவில் பார்த்த அதே ஐவரைப் பத்தொன்பதிலும் பார்க்கக் கிடைத்தால், அந்த விலகலும் ஓட்டமும் எவ்வளவு முன்கூட்டியே நிகழ்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.