தாமரை இலையும் போர் தண்ணீரும்

கார் பூச்சுக் கடைகளில் அதிகம் காதில் விழும் சொல் ‘நைன் ஹெச்’. செராமிக் கோட்டிங் போட்டால் வண்டிக்கு 9ஹெச் கடினம் வந்துவிடும் என்பார்கள். சுவரில் ஒட்டிய விளம்பரத்தில் பக்கத்திலேயே ஒரு வைரத்தின் படமும் இருக்கும். கேட்பவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும்: வைரம் பத்து, இது ஒன்பது, அப்படியென்றால் வைரத்துக்கு ஒரு படிதான் கீழே. ஆனால் அந்த ஒன்பது வேறு, இந்த ஒன்பது வேறு. வைரத்துக்குப் பத்து கொடுப்பது கனிமங்களின் கடினத்தை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோல். 9ஹெச்சில் உள்ள ஹெச், ஓவியப் பென்சிலின் முனையில் அச்சடித்திருக்கும் ஹெச். பென்சிலை 45 பாகை சாய்த்து, 750 கிராம் எடை கொடுத்து, பெயிண்ட் மேல் தள்ளிப் பார்ப்பார்கள். வரிசையின் கடைசிப் பென்சிலான 9ஹெச்சும் கீறவில்லை என்றால் பூச்சு தேறிவிட்டது. நம் தெருப் புழுதியில் இருப்பது பென்சில் தூள் அல்ல, குவார்ட்ஸ் மணல். மோஸ் கணக்கில் அது ஏழு. பென்சிலுக்குத் தப்பியது மணலுக்கும் தப்பும் என்று அந்தச் சோதனை எங்கேயும் சொல்லவில்லை.

இந்த எண்ணிலிருந்து தொடங்கக் காரணம், தொழில் முழுவதும் இப்படி ஓர் ஏணியாகவே விற்கப்படுகிறது என்பதுதான். கீழ்ப்படியில் மெழுகு, அடுத்து டெஃப்லான், அதற்கு மேல் செராமிக், உச்சியில் பிபிஎஃப் என்ற பிலிம். சில நூறு ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டிப் போகிறது விலை. வாங்குபவரும் ‘எந்தப் படி வரை எனக்குக் கட்டுப்படியாகும்?’ என்றே யோசிக்கிறார். ‘என் வண்டியைக் கெடுப்பது எது?’ என்ற கேள்வி எழுவதே இல்லை. வெயில், உப்புத் தண்ணீர், பறவை எச்சம், லாரி சக்கரம் தெறிக்கும் ஜல்லி, தினமும் துடைக்கும் துணி எல்லாம் வெவ்வேறு எதிரிகள். ஒன்றை மறிப்பது இன்னொன்றை மறிக்காது.

முதலில் நாம் காப்பாற்ற நினைப்பது எது என்று பார்க்கலாம். கம்பெனியிலிருந்து வரும் காரின் பெயிண்ட், எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். மேலே கண்ணாடிபோல் இருக்கும் கிளியர் கோட் 40 மைக்ரான் அளவு. தலைமுடி இதைவிடத் தடிமன். அம்பாசிடர், பத்மினி காலத்தில் இந்தத் தெளிந்த அடுக்கு கிடையாது. பாலிஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். வெயிலில் பெயிண்ட் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்துவிடும். அன்று மெழுகு ஆடம்பரம் அல்ல, அவசியம். இன்றைய கிளியர் கோட்டுக்குள் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்கள் கலந்தே வருகின்றன. புது வண்டி அம்மணமாக வீட்டுக்கு வருவதில்லை. வெள்ளை நிற வண்டி, கூரையுள்ள நிறுத்துமிடம், ஐந்து வருஷத்தில் விற்கும் எண்ணம் என்று மூன்றும் சேர்ந்திருப்பவருக்கு எந்தப் பூச்சும் தேவையில்லாமலே போகலாம். எந்தக் கடையிலும் இதைச் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

மெழுகில் பேர் பெற்றது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து எடுப்பது. 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகும் என்பதால் மெழுகுகளில் இது கடினமானது. கையாலேயே போடலாம், தப்பாகப் போட்டாலும் துடைத்து எடுத்துவிடலாம், பெயிண்டுக்குக் கெடுதல் இல்லை. கத்திரி வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைக்க முடியாது. அங்கே மெழுகின் ஆயுள் சில வாரங்கள்தான். அதற்குப் பதிலாகச் செயற்கைப் பாலிமரில் செய்த சீலன்ட் சில மாதங்கள் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே வண்டி கழுவப் பிடித்தவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. கடைக்காரருக்கு லாபம் கம்மி என்பதால் பேச்சும் கம்மி.

டெஃப்லானை நீட்டி முழக்க வேண்டாம். 1938இல் ராய் பிளங்கெட் டூபாண்ட் ஆய்வகத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் அது. எதுவும் ஒட்டாது என்பதே அதன் குணம். அதனால் அதையே ஒன்றின் மேல் ஒட்டவைப்பது பெரும்பாடு. நான்ஸ்டிக் சட்டியில் பிடிக்கவைக்க 340 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். காரை அப்படிச் சுட்டால் பெயிண்ட் கருகிப்போகும். ஷோரூமில் டெலிவரிக்கு முந்தின நாள் ‘டெஃப்லான் கோட்டிங்’ என்று பில்லில் ஏறுவது, பெரும்பாலும் ஒரு நல்ல பாலிமர் பாலிஷ். மூன்று நான்கு மாதம் பளபளக்கும், அது பொய்யில்லை. ஆனால் கொடுக்கும் காசில் பாதி தோசைக்கல்லின் புகழுக்குப் போகிறது.

செராமிக் விஷயம் அவ்வளவு எளிதல்ல. அது வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சிலிக்கா சார்ந்த திரவம் கிளியர் கோட்டோடு ரசாயனமாகப் பிணைந்து இறுகுகிறது. ஷாம்பு போட்டாலும் போகாது, கோடையில் உருகாது, வருஷக்கணக்கில் நிற்கும். காக்கை எச்சமோ மரத்துப் பிசுபிசுப்போ நேராகப் பெயிண்டைத் தொடாமல் கொஞ்ச நேரம் தாமதிக்கும். அழுக்கு கெட்டியாகப் பிடிக்காததால் கழுவும் நேரமும் அழுத்தித் தேய்க்கும் தேவையும் குறையும். என் கணக்கில் இதுதான் அதன் உண்மையான மதிப்பு. தடிமனோ ஒன்றிரண்டு மைக்ரான். அதைக் கவசம் என்று விற்பதுதான் கோளாறு.

தண்ணீர் முத்து முத்தாக உருளும் காட்சியைக் காட்டித்தான் இதை விற்கிறார்கள். தாமரை இலை என்பார்கள். தாமரை இலையின் ரகசியத்தை நுண்ணோக்கியில் விளக்கிய ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் காட்டியது, அந்த இலை வழவழப்பானது அல்ல என்பதைத்தான். நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் மெழுகுப் படிகங்கள். துளி அந்த முனைகளில் மட்டும் நிற்பதால் இலையோடு 150 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் குவிந்து, லேசாகச் சாய்ந்தாலே ஓடிவிடும். செராமிக் பூசிய பரப்பு வழவழப்பானது. அங்கே துளி ஏறக்குறைய 100, 110 பாகையில் குவிகிறது. பக்கவாட்டுக் கதவில் வழிந்துவிடும். ஆனால் தட்டையான பானெட்டிலும் கூரையிலும் துளி உருளாமல் உட்கார்ந்துவிடுகிறது.

மழைத்தண்ணீரென்றால் பெரிய கவலையில்லை. சென்னைப் புறநகரில் வண்டி கழுவுவதோ போர் தண்ணீரில். கால்சியமும் மெக்னீசியமும் நிறைந்த தண்ணீர். பூச்சில்லாத பரப்பில் அது பரவி மெல்லிசாகக் காயும். பூச்சுள்ள பரப்பில் ஒவ்வொரு முத்தும் தனித்தனியாகச் சுருங்கி, தன் உப்பையெல்லாம் ஒரே வளையத்தில் இறக்கிவைக்கும். வெயில் ஏறினால் அந்த வளையம் பூச்சையே அரிக்கத் தொடங்கும். விளம்பரத்தில் முத்தாகத் தெரிந்தது ஆறு மாதத்தில் வட்ட வட்டமான வெள்ளைக் கறையாக நிற்கும். ஆக, எந்தக் குணத்தைக் காட்டி விற்கிறார்களோ அதே குணம்தான் உப்புத் தண்ணீர் ஊரில் குறையாகிறது. தண்ணீரை மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஆர்ஓ கழிவுநீரில் கார் கழுவும் வழக்கம் வேறு பரவியிருக்கிறது. வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பதே அந்தத் தண்ணீரில்தான். செராமிக் போட்டவர் நிழலில் கழுவி, காய்வதற்குள் ஒற்றி எடுத்தாக வேண்டும். கடையில் இதைச் சொல்வார்கள், பணம் வாங்கிய பிறகு.

இன்னொரு கணக்கும் உண்டு. பூச்சு போடுமுன் பழைய கீறல்களை மிஷின் பாலிஷால் போக்குகிறார்கள். கீறலை நிரப்புவதில்லை, கீறலின் ஆழம் வரை சுற்றிலும் கிளியர் கோட்டைச் சீவுகிறார்கள். ஒரு மைக்ரான் ஏற்ற மூன்று மைக்ரான் இறக்குவது போன்ற வியாபாரம் இது. ஒருமுறை என்றால் பரவாயில்லை. வருடாந்திரப் பராமரிப்பு என்ற பெயரில் திரும்பத் திரும்ப நடந்தால், வெயிலைத் தாங்கும் அடுக்கே மெலிந்துபோகும். பெயிண்ட் தடிமனை அளக்கும் மீட்டரை வைத்து, வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து காட்டாத கடையில் நான் சாவியைக் கொடுக்கமாட்டேன். ஐந்து வருஷ வாரண்டி அட்டையையும் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். தண்ணீர்க் கறை, கீறல், துடைக்காமல் விட்ட எச்சம் என நமக்கு வரக்கூடியதெல்லாம் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும்.

அடி விழுந்தால் உண்மையாகவே தாங்குவது பிலிம் ஒன்றுதான். 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன். இதன் பூர்வீகம் ராணுவ ஹெலிகாப்டரின் சுழலிறக்கை. மணலும் கல்லும் அடித்துத் தேயாமலிருக்க ஒட்டியது. நல்ல பிலிமில் விழும் லேசான கீறல் சூடுபட்டால் தானே மறையும், அந்த வகையில் நம் வெயில் முதல்முறையாக நமக்கு உதவுகிறது. ஆனால் மலிவு விலையில் பாலியூரித்தேன் என்று சொல்லிப் பிவிசியை ஒட்டிவிடுபவர்களும் உண்டு, அது சீக்கிரமே மஞ்சளாகும். ஆயுத பூஜைக்கு வெள்ளை வண்டியின் பிலிம் மேல் அப்பிய குங்குமம் தீபாவளி வரை நிற்கும். பட்டறையில் மறுபடி பெயிண்ட் அடித்த பாகத்தின் மேல் ஒட்டி, பிறகு உரித்தால் பெயிண்டும் சேர்ந்து வரலாம். கம்பெனியில் 140 டிகிரியில் சுட்ட பெயிண்டின் பிடிப்பு பட்டறைப் பெயிண்டுக்கு இருக்காது. வண்டி முழுக்க ஒட்டுவது என் பார்வையில் வீண்செலவு. ஜல்லி அடிப்பது முன் பம்பரிலும் பானெட்டின் முன்பகுதியிலும் பக்கக் கண்ணாடியின் முதுகிலும். நகக்கீறல் விழுவது கதவுக் கைப்பிடிக் குழியில். நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓடும் வண்டிக்கு இவை போதும்.

இத்தனையும் சொன்ன பிறகு, நகரத்து வண்டியின் பளபளப்பை அதிகம் தின்பது வெயிலோ உப்போ ஜல்லியோ இல்லை என்றும் சொல்லியாக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு வாளி, ஒரு பனியன் வேஸ்ட் துணி, பத்துப் பதினைந்து வண்டி. முதல் வண்டியின் மணல் கடைசி வண்டி வரை பயணம் செய்கிறது. வெயிலில் பானெட்டைச் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலை போலத் தெரியும் வட்டக் கோடுகள் அந்தத் துணி எழுதியவை. வருஷம் முழுக்க விடியும் அத்தனை காலையையும் ஒன்றிரண்டு மைக்ரான் பூச்சு தாங்காது. துடைப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதம் ஒரு வண்டிக்குச் சில நூறு ரூபாய், அருகில் குழாய் கிடையாது, எட்டு மணிக்குள் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். பூச்சுக்கு 25,000 ரூபாய் கொடுப்பவர் இரண்டாவது வாளிக்குக் கணக்குப் பார்க்கிறார்.

எங்கள் அடர்நீல வண்டிக்கு முன்பக்கம் மட்டும் பிலிம், மற்ற இடத்தில் நாலு மாதத்துக்கு ஒருமுறை நானே போடும் சீலன்ட். துடைப்பவரிடம் நாலு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, வாரம் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும், மற்ற நாளில் வறட்டுத் துணி படவேண்டாம் என்றேன். “அப்ப சம்பளத்தக் குறைச்சிருவீங்களா சார்?” என்று கேட்டார். குறைக்க மாட்டேன் என்றேன். மறுநாள் காலை வண்டி வழக்கம்போலத் துடைத்திருந்தது. தூசியோடு நின்றால் அவர் வேலைக்கே வரவில்லை என்று மற்ற வீட்டுக்காரர்கள் நினைத்துவிடுவார்களாம்.