எலும்புச் சாம்பலும் இலத்தீனும்

பொன்னையும் வெள்ளியையும் சுத்திகரிக்கும் முறைகளைப் பழைய நூல்களில் தேடுவோர் பெரும்பாலும் வந்து சேர்வது, ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா இலத்தீனில் எழுதி, அவர் மறைந்த மறு ஆண்டான 1556இல் பாசல் நகரில் அச்சேறிய ‘டி ரே மெட்டாலிக்கா’ என்னும் நூலிடமாகும். பன்னிரண்டு பகுதிகளுள் ஏழாவது, மாற்றறியும் சோதனைகளுக்கு, அதாவது உலோகத்தின் தூய்மையை அளப்பதற்கு உரியது. எலும்புச் சாம்பலை அழுத்திச் செய்த சிறு கிண்ணத்தில் காரீயத்தோடு சேர்த்து உருக்கும்போது, காரீயம் காற்றோடு கூடி மிருதாரசிங்கியாகி, செம்பு முதலிய கலப்பையும் இழுத்துக்கொண்டு சாம்பலுக்குள் ஊறிவிட, பொன்னும் வெள்ளியும் மட்டும் மணியாகத் திரள்கின்றன. கடைசிப் படலம் வானவில் நிறங்களாக ஓடி மறைந்ததும் மணி சட்டென்று பளிச்சிடுவதே வேலை முடிந்ததற்கு அடையாளம்.

சுரங்கத் தொழிலின் ஜெர்மன் சொற்களுக்கு இலத்தீனில் நிகர் இல்லாததால் அக்ரிகோலா புதுச்சொற்களை ஆக்கிக்கொண்டார். பின்வந்தோர்க்கு அவை புதிர்களாயின. அவற்றை அவிழ்த்து 1912இல் ஆங்கிலப் பெயர்ப்பை வெளியிட்டவர்கள், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான சுரங்கப் பொறியாளர் ஹெர்பர்ட் ஹூவரும், நிலவியல் கற்ற அவருடைய மனைவி லூ ஹென்றி ஹூவரும் ஆவர். சில பக்கங்களில் மூலத்தையே ஓரத்துக்குத் தள்ளிவிடும் அவர்களுடைய அடிக்குறிப்புகளே, உண்மையில், தேடுவோருக்குக் கிடைக்கும் பெரும் புதையல்: வெள்ளியைக் கரைத்துப் பொன்னை விட்டுவைக்கும் ‘வலிய நீர்’ என்று மூலம் குறிப்பது, வெடியுப்பு முதலியவற்றிலிருந்து வடித்த நைட்ரிக் அமிலமே என்பது அங்கேதான் துலங்குகிறது.